மெட்டியை இறுக்கும் மாத்திரை

தாமரை,

எழுப்ப மனசு வரவில்லை. பரவை மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சட்னி அரைத்துவிட்டேன்.

ராத்திரி, "பிரஷர் மாத்திரைய ஏன் நிறுத்துன?" என்று கத்தினேன். இப்போதும் கோபம்தான். ஆனால் நீ, "அதப் போட்டா கால் வீங்கி மெட்டி இறுக்குது. மெட்டியக் கழட்டச் சொல்றீகளா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

விடிந்ததும் டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிக்குமாம். ரத்தம் முட்டாமல் ஓடி பிரஷர் இறங்குமாம். சிலருக்கு மட்டும் நீர் கசிந்து பாதத்தில் தங்குமாம். குழாய் விரிந்தால் எல்லாம் லேசாகத்தானே ஆகணும், கால் ஏன் வீங்கணும்? திரும்பத் திரும்பக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. "நீங்களா நிறுத்தக் கூடாது. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, வேற மாத்திரை பாப்போம்" என்றார். அது மட்டும் புரிந்தது.

பதினோரு மணிக்கு உன் தம்பி சின்னச்சாமி ஆட்டோ கொண்டுவருவான். சாவியை எதிர்வீட்டில் கொடு. நான் நேரே ஆஸ்பத்திரிக்கு வாரேன்.

அழகு

மெட்டியைக் கழற்றினால் எனக்கு ஆகாது என்று பயமா? உனக்கு ஒன்று ஆனால் மட்டும் நான் நல்லா இருப்பேனா?

சோப்புப் போட்டு நீயாக இழுத்துத் தொலைக்காதே, விரல் புண்ணாகும். அம்மி மேல் உன் காலைப் பிடித்து மாட்டிவிட்டவன் நான். சாயங்காலம் நானே கழற்றுகிறேன்.