புதிதாகக் கால்வைத்த தேவாலயங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? அம்மா நம் ஊர் இலோயிலோவுக்கு வந்து சேர்ந்து எல்லாம் சொல்லியிருப்பாள். மிலானிலிருந்து காரில் ஆல்ப்ஸ் மலையைக் காட்டத்தான் கூட்டிப்போனோம். அவளோ வழியில் ஒரு தேவாலயத்தையும் விடவில்லை. புதிதாகக் கால்வைக்கும் தேவாலயத்தில் கேட்டது கிடைக்குமே, விடுவாளா?

"அத்தை, இப்படியே போனா மலையப் பார்க்கிறதுக்குள்ள உங்க விசா முடிஞ்சிடும்" என்றார் உங்கள் மருமகன்.

"மலை எங்கயும் ஓடிடாது மாப்ளே. நீங்க வண்டிய நிறுத்துங்க."

போய்ச் சேர்ந்தபோது மலையை மேகம் மூடியிருந்தது. அதற்கும் சிரித்தாள்.

"எல்லா இடத்துலயும் அப்படி என்னம்மா கேட்ட?" என்றேன்.

"நீ ஊரோட வந்துடணும்னுதான். வேற என்னடி கேப்பேன்?"

அடுத்த பார்சலில் கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டையில் சுற்றுங்கள், துவைக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் இருக்கும் தேவாலயத்துக்கு மட்டும் நான் அம்மாவோடு போகவில்லை. இங்கே வந்த புதிதில் அதற்குள் முதன்முதலாக நுழைந்தபோது, எது நடந்தாலும் ஊர் திரும்பும்படி ஆகிவிடக் கூடாது என்று கேட்டிருந்தேன். அது அப்படியே பலித்துவிட்டது அப்பா.

நான் பார்த்துக்கொள்ளும் கிழவியம்மா மணியடிக்கிறார். போகிறேன்.

உங்கள் ரோவேனா