கதவில் தொங்கிய துண்டு

என்னங்க,

ஆபீஸ் போற சார்ட்டர்ட் பஸ் வந்துரும், ஓடுறேன். சப்பாத்தி ஹாட்கேஸ்ல இருக்கு. அத்தையும் வெளியே போறாங்க, சாவியை எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட கொடுத்துட்டுப் போங்க.

உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. பாத்ரூம் தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு, உள்ளே ஆள் இருந்தாத்தான் கதவுல துண்டு தொங்கணும். பிரதீப் இன்னைக்குக் குளிச்சிட்டு, துண்டை அப்படியே விட்டுட்டு கோச்சிங் கிளாஸ் போயிட்டான். காலி பாத்ரூம் வாசல்ல நானும் அத்தையும் காத்துக்கிட்டு நின்னோம். நான் குளிக்காமலே ஆபீஸ் போறேன்.

நேத்து சாயங்காலம் தொங்கினது என் துண்டு. “இவ்வளவு நேரமா குளியல்?”னு கத்தினீங்க. குளிக்கலை. கவுத்த பக்கெட் மேல சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டுல நான் வேற எந்தக் கதவைச் சாத்திக்கிறது?

செண்பகம்

நீங்க கிளம்புறதுக்குள்ள தாழ்ப்பாள் மாட்ட மிஸ்திரி வந்தா விட்டுறாதீங்க, பிடிச்சு வைங்க.

அவன் வரலேன்னா, இன்னைக்கும் என் துண்டு தொங்கும். தட்டாதீங்க.