கடைசிக் குப்பியில் என் பெயர்

மார்ச் 12, புதன்

செல்கள் தட்டில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியின் கடைசிக் குப்பியை இன்று லேபில் தீர்த்துவிட்டேன். வேலையை விட்டுப் போகும் முன் லேப் தோழி ஸ்டெல்லா சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, உறையவைத்துத் தந்தது. "ஒரு தடவைக்கு மேல உருக்காதடி, கெட்டுப்போயிடும்" என்றாள். வேறு யாரும் எடுத்துவிடாமல் ஒவ்வொன்றிலும் என் பெயரை எழுதினாள்.

அப்போதெல்லாம் புதுச்சேரியிலிருந்து ஒரே பஸ்ஸில் மரக்காணம் திரும்புவோம். உப்பளம் தெரிந்ததும் என்னைத் தட்டி எழுப்புவாள். அவள் ஜெர்மனி போனபிறகு இரண்டு முறை தூங்கி, ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்றும் மைக்ராஸ்கோப்பில் செல்களின் விளிம்பு பச்சையாய் மின்னியது. காலிக் குப்பியை வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. வழக்கம்போல ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டேன், மடச்சி. என் பெயர் டிஷ்யூவில் நீலக் கறையாகிவிட்டது.

அந்தக் கறையைத்தான் இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.