தூளியாகக் கட்டிய நீலப் புடவை

ஏங்க,

எழுப்ப மனசு வரல, அதான் எழுதி வெக்கிறேன். ஆபீஸுக்குப் போடுற ஜாக்கெட் ஒண்ணும் கை ஏறல. மேனாம்பேடு டெய்லர்கிட்ட பிரிச்சு விடச் சொல்லிட்டு வந்துடறேன். மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சட்னி நீங்களே அரைச்சுக்குங்க.

பாப்பா எழுந்ததும் தூளியை அவிழ்த்துடுங்க. மெத்துன்னு இருக்குன்னு நீங்க எடுத்துக் கட்டினது என்னோட ஆபீஸ் புடவை. திங்கக்கிழமை அதைத்தான் கட்டிக்கணும். துவைச்சுக் காயப் போடுங்க, எனக்குத் தோள்ல வலு இல்லை.

நான் வேலைக்குப் போனா பாப்பா யாரைத் தேடும்னு நேத்து கத்தினீங்க.

லாவண்யா

பி.கு.: தூளி இல்லாம அது தூங்காது. உங்க வேட்டியைக் கட்டுங்க, முடிச்சை நல்லா இழுத்துப் பாருங்க. இனிமே உங்க வாசனையும் அதுக்குப் பழகட்டும்.