கடல் பக்கத்து அறை காலியாகிவிட்டது

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நிஜமாகவே அப்பாதான், நம்பு. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், உன் மாமா தேவைக்கு மேலேயே சுகம். அங்கே நீயும் மருமகளும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்கிறீர்களா என்பதை இனி யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டாம், நீ எழுது, நானே பார்த்துக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று மருமகளிடம் காட்டிச் சிரிக்காதே. முப்பத்தெட்டு வருடம் ஐஸ் கம்பெனியில் கட்டியைக் கொக்கி போட்டு இழுத்த கை இது, பேனாவைக் கொடுத்தால் அதையும் இழுத்துக்கொண்டு ஓடத்தான் பார்க்கிறது. இதுவரை இரண்டு பேனா ஒடிந்தது. இந்த முதல் பத்தியை எழுத நேற்று சாயங்காலம் முழுவதும் ஆயிற்று, அதற்குள் அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, “இன்னும் சுகத்துலேயே நிக்கிறீங்களா” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எழுபத்திரண்டு வயதில் இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்பாய். ஆசை எல்லாம் இல்லை. போன மழைக்காலத்தில் மூட்டு வலிக்கு டாக்டர் கொடுத்த களிம்பைப் பற்பசை என்று நினைத்துப் பிரஷ்ஷில் வைத்துத் தேய்த்துவிட்டேன். இரண்டு குழாயும் ஒரே பச்சை நிறம், நான் என்ன செய்வேன். ஒரு நாள் முழுக்க நாக்கு மரத்துப்போய்ப் பேச்சு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் தனக்குக் கிடைத்த ஒரே லீவு என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ரோஷத்தில்தான் நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு நடக்கிற சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நான், ஒரு தையல்காரி, மீன் லாரி ஓட்டுகிற ஒருவர், மூன்று பேர்தான். டீச்சருக்கு உன் வயதில் பாதி இருக்கும். ஐயா ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டே மானத்தை வாங்குவாள். “ஐயா, நீங்க போட்டது எழுத்து இல்ல, நண்டு. மறுபடி போடுங்க” என்பாள். எட்டு மாதத்தில் நண்டு எல்லாம் எழுத்தாகிவிட்டது. கடைப் பலகை, பஸ் பலகை, சுவரில் ஒட்டியிருக்கிற மூல வைத்திய விளம்பரம் எதையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே நடக்கிறேன். அம்மா இப்போது என்னோடு கடைத்தெருவுக்கு வர மாட்டேன் என்கிறாள்.

கை எழுத்தைப் படித்துப் பழகுங்கள் என்று டீச்சர் சொன்னாள். நம் வீட்டில் கை எழுத்து என்றால் உன் கடிதங்கள்தானே, அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுக்கு அடியில் வருட வரிசையாக இருந்தன. எனக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாதே, எல்லாம் உன் மாமா படித்துச் சொன்னவைதான், விஷயம் முன்பே தெரியும், அதனால் சுலபமாக வரும் என்று நினைத்து அதில் பழசாக ஒன்றை எடுத்தேன். ஏழு வருடத்துக்கு முன் கோடைக்குச் சற்று முன்னால் எழுதியது. விரலை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். உன் மாமா அன்று படித்துச் சொன்னது, எல்லாரும் நலம், இங்கே குளிர் அதிகம், மாமாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நீயோ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், மூன்று பக்கமும் நம் வீட்டுக் கடல், பள்ளிக்கூடம் மூடிய இரண்டு மாதம் சின்ன வயதில் நீ மூன்று கூட்டாளிகளோடு அதில் ஊறிக் கிடந்த கதை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், நாலு நாளும் சாப்பாட்டு நேரத்தில்கூட காகிதத்தைக் கீழே வைக்கவில்லை.

ஆனால் நீ எழுதியதில் பல விஷயம் தப்பு, அப்பன் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுகிறேன். அப்பா சாயங்காலம் வேலை முடிந்து வந்து கடலைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார், அவர் மனதில் என்ன ஓடியது என்று இன்றுவரை தெரியாது என்று எழுதியிருக்கிறாய். ஒன்றும் ஓடவில்லை. காலையிலிருந்து ஐஸ் அறையில் நின்றவனுக்குக் காது இரண்டும் செத்துப்போயிருக்கும், அதை வெயிலில் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு காது சூடானதும் திரும்பி மற்றக் காதைக் காட்டுவேன், நீ பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். அடுத்தது, எங்களைக் கேட்க ஆளே இல்லை, காற்று மாதிரி சுதந்திரமாகத் திரிந்தோம் என்று எழுதியிருக்கிறாய். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஆளே இல்லையா? மொட்டை மாடியில ரெண்டு மாசம் காய்ஞ்ச துணியையே திருப்பித் திருப்பிக் காயப்போட்டுக்கிட்டு நின்னது யாராம்? தண்ணிக்குள்ள நாலு தலை தெரியுதா, நாலு தலை தெரியுதான்னு எண்ணியே என் கண்ணு போச்சு. மூணு தெரிஞ்சா என் உயிர் போயிடும், அந்த நாலாவது தலை எப்பவும் உங்க மகன் தலைதான்” என்றாள். ஆகவே உன் சுதந்திரத்துக்கு மாடியில் ஒரு ஆள் வேலை பார்த்தது, சம்பளம் கிடையாது.

பிறகு அந்தக் கோட்டை. நீயும் உன் கூட்டாளிகள் மூவரும் கொடி நட்டு, கிளிஞ்சலை அடுக்கி, முறை வைத்துக் காவல் காத்தீர்களே, பழைய காலத்து ராஜா யாரோ கடலோரம் கட்டி வைத்தது என்று உன் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறாய். தம்பி, அது கூரை பறந்துபோன பொதுக் கழிப்பறை. நீங்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட நாலு அறையும் அந்த நாலு அறைதான். ஊரில் எல்லாருக்கும் தெரியும், உங்கள் நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனசு வராது. அம்மா தினமும் உங்களை வாசலிலேயே நிறுத்தி நாலு வாளி தண்ணீரை ஊற்றிய பிறகுதானே வீட்டுக்குள் விட்டாள், மணலுக்காக என்றா நினைத்தாய்?

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். அப்பா வேலையிலிருந்து வந்ததும் சத்தமில்லாமல் பின்னால் வந்து ஐஸ் பிடித்த கையை முதுகில் வைப்பார், அலறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவோம், எந்த ஊர் வெயிலிலும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது என்று. அதில் திருத்த ஒன்றுமில்லை. மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுத்துக்காக, மற்ற இரண்டு முறை சும்மா.

அதற்குக் கீழே கடைசியில் இருந்த வரியில்தான் என் விரல் நின்றுவிட்டது. ‘இந்தக் கோடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வரட்டுமா அப்பா, ஒரு மாதம் இருக்கிறோம், மூத்தவனுக்கு ஏழு வயது, கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.’ நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். நண்டு எல்லாம் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் ஓடினேன். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, “ஐயா, ஒரு எழுத்து தப்பில்ல, சரியாத்தான் படிச்சிருக்கீங்க” என்று சொல்லி என் நோட்டில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போட்டாள். எட்டு மாதத்தில் என் முதல் நட்சத்திரம் அது. அதை வாங்கிக்கொண்டு வீடு வரை அழுதுகொண்டே வந்தேன் என்று எழுத மாட்டேன், மூக்குதான் கொஞ்சம் ஒழுகியது, ஐஸ் கம்பெனிக்காரன் மூக்கு எப்போதும் ஒழுகும்.

அடுத்த வருடக் கடிதத்தை எடுத்தேன், அதிலும் வரட்டுமா. அதற்கடுத்ததில் வரட்டுமா. ஐந்து வருடம் கேட்டிருக்கிறாய். ஐந்து முறையும் எனக்கு வாசிக்கப்பட்டது, மாமா உடம்பு எப்படி, மாமாவுக்கு முள் இல்லாத மீனாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், மாமாவுக்குக் காற்று முக்கியம் என்பதுதான். நானும் என் மகனுக்குத் தாய்மாமன் மேல் எவ்வளவு பாசம் என்று உருகிப்போய் வாரம் இரண்டு நாள் முள் இல்லாத மீன் வாங்கிக் கொடுத்தேனே. தேடிப் பார்த்தேன், உன் எந்தக் கடிதத்திலும் மீனும் இல்லை, முள்ளும் இல்லை.

மறுநாள் காலை உன் மாமா ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து முதல் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ரொட்டி டீக்குள்ளேயே விழுந்து கரைந்தது. “வயசான கண்ணு அத்தான், ஒரு வரி விட்டுப்போயிருக்கும்” என்றார். அஞ்சு வருஷமும் அதே வரியா விட்டுப்போச்சு என்று கேட்டேன். ரொட்டியைத் தேடுகிற மாதிரி டம்ளருக்குள் விரலை விட்டுக் கிளறினார். சரி, எனக்குப் பதிலாக உட்கார்ந்து அவனுக்கு என்னதான் எழுதினீர் என்று கேட்டேன். “தப்பா ஒண்ணும் எழுதல அத்தான். இந்த வருஷம் வசதிப்படாதுன்னு மட்டும்தான் எழுதினேன்” என்றார். ஏன் என்றால், அவர் இரண்டு வாரம் தங்கிப் போகிறேன் என்று வந்து எட்டு வருடமாகப் படுத்திருப்பது உன் அறையில், கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே. நீங்கள் நாலு பேர் வந்தால் அவர் சமையலறைக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போக வேண்டும், அங்கே காற்று வராது. இதுதான் விஷயம். பகையும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை, மனுஷனுக்குத் தூக்கம் வேண்டும். அம்மா எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த தம்பி ஆயிற்றே, பரிந்து பேசுவாள் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். நேராக உள்ளே போய் அவர் மெத்தையைச் சுருட்டி இழுத்து வந்து பின்னறையில் போட்டாள். “அக்கா, காத்து இல்லன்னா எனக்குத் தூக்கம் வராதுக்கா” என்றார். “அப்ப முழிச்சுக்கிட்டே கிட. ஏழு வருஷம் என் பேரப்பிள்ளைங்க இல்லாம நான் தூங்கினேனா?” என்றாள்.

அவரைத் திட்டி முடித்துவிட்டு யோசித்தால் என் மேலும் கோபம் வருகிறது. போனில் நாம் இருவரும் பேசியது என்ன, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, இல்லை வெயில், சரி அம்மாகிட்ட கொடுக்கிறேன். அம்மா வா வா என்பாள், நீ பார்க்கலாம்மா என்று குரலை இறக்கிவிடுவாய். அவனுக்கு அங்கே பெரிய வேலை, நம் ஞாபகம் ஏது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. ‘ஐஸ் கம்பெனி வேலைக்கு வர மாட்டேன், அங்கே உங்களைப் போல உறைந்துபோக என்னால் முடியாது என்று அன்று கரையில் நின்று சொன்னேனே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லையா அப்பா?’ என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் வசதிப்படாது என்றுதான் பதில் போயிருக்கிறது. ஐயோ தம்பி, எனக்குக் கோபமா? நீ அப்படிச் சொன்ன அன்று நான் அம்மாவிடம் வந்து, நம்ம பையனுக்கு மூளை இருக்குடி, அது உன் பக்கத்திலிருந்து வந்திருக்காது என்று சொன்னேன். அதற்கு அவள்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என்று இந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

ஆறாவது கடிதத்தில் நீ கேட்கவில்லை. ஏழாவதிலும் கேட்கவில்லை. நலம், நலம் அறிய ஆவல், அரைப் பக்கம். நான் படித்ததிலேயே சுலபமான கடிதங்கள் அந்த இரண்டும்தான், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு இழுப்பறையை மூடிவிட்டேன். மூத்தவனுக்கு இப்போது பதினாலு இருக்கும். மணலில் கோட்டை கட்டுகிற வயதைத் தாண்டிவிட்டான், கூப்பிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பான். பரவாயில்லை, கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும், பின்னால் போய் முதுகில் கையை வைக்கிறேன். ஐஸுக்குக் குறைவில்லை, கம்பெனி வாட்ச்மேன் இன்னும் எனக்கு ஒரு துண்டு உடைத்துத் தருவான். சின்னவளுக்கு எட்டு வயது, அவளுக்கு எல்லாம் மிச்சமிருக்கிறது. நான் கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை என்று அழவைக்கிற வேலை எனக்குத் தெரியாது, நான் சாகிற மாதிரியும் இல்லை, போன வாரம் பரிசோதித்துப் பார்த்த டாக்டருக்கே அதில் ஏமாற்றம். ஆனால் பிள்ளைகள் வளர்கிறார்களே, அதுதான் எனக்கு அவசரம்.

உன் மாமா இப்போது கடல் பக்கத்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார், அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறாள். அவரும் உனக்கு ஒரு வரி எழுத வேண்டுமாம். எழுதிக் கொடுங்கள், நான் படித்துப் பார்த்து வேண்டியதை மட்டும் அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவர் மேல் கோபம் வைக்காதே, வந்த பிறகு நேரில் நாலு வார்த்தை கேள், அதுதான் ருசி. மருமகளிடம் சொல், இங்கே வாங்கிக்கொண்டு வர ஒன்றும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பழைய துணியாக எடுத்து வரச் சொல். நீயும் நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விடு, ஞாபகம் வைத்து உட்கார்ந்து சாப்பிடு. அம்மா உன் தலையில் எண்ணெய் வைக்கச் சொல்கிறாள், தலையில் முடி இருந்தால் வை. வரும்போது நான் உனக்கு எழுதியதாக இருக்கிற கடிதங்களை எல்லாம் தவறாமல் எடுத்து வா, இத்தனை வருடம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை, உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல், சண்டை மட்டும் அளவாகப் போட்டுக்கொண்டு, நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள், என் ஆசியும் அம்மாவின் ஆசியும் எப்போதும் உண்டு.

ஏழு வருடத்துக்கு முன் நீ கேட்டதற்குப் பதில்: கூட்டிக்கொண்டு வா. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், நடுவில் எனக்கு எழுத்துப் படிக்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு, தன் கையால்,
அப்பா