கெட்டிமேளத்துக்கு வைத்த ஊசி

மச்சான்,

கார் ரியூப்பை வெட்டினால் வருகிற மணம் உனக்குத் தெரியும். இன்று காலை முற்றத்தில் இருந்து ஒன்றை வெட்டினேன். உள்வட்டத்தின் ஓரமாக, பிசகாமல், ஒரு மெல்லிய வளையம். இசைத்தட்டு இயந்திரத்தில் தட்டைச் சுற்றுகிற பழைய பட்டி தொய்ந்துவிட்டது. கையில் அந்த மணத்தோடு உள்ளே போனால், உன் மருமகன் நிற்கிறான். "மாமா, உந்த மெசினை இன்னும் எத்தினை நாளைக்கு இழுக்கப் போறியள்? கொழும்பிலை இப்ப சீடி வந்திட்டுது, ஒண்டு எடுப்பிச்சுத் தாறன்" என்றான். உன்னுடைய அதே வழக்கு. நீ செத்துப்போய் ஒரு வருடமாகிறது, வழக்கு இன்னும் முடியவில்லை.

அந்த இயந்திரத்தைக் கப்பலில் கொண்டுவந்து பருத்தித்துறையில் இறக்கியவனே நீதான். "ஜேர்மனியிலை பெரிய ஆக்கள் வைச்சுக் கேக்கிற சாமான், கவனம்" என்று சொல்லி, உன் தங்கையைக் கட்டிய எனக்குத் தந்தாய். எண்பத்துமூன்றில் கப்பல் வேலையை விட்டு வந்தபோது உன் கையில் கசெற் பாடுகிற ஒரு ரேப் ரெக்கோடர். அன்றிலிருந்து என் வீட்டில் இருந்தது உனக்கு ஆட்டுக்கல்லாகிவிட்டது. "உந்த ஆட்டுக்கல்லைத் தள்ளிப்போட்டு ஒரு ரேப்பை வாங்கு மச்சான்." நான் தள்ளவில்லை. புது ஊசி எடுப்பித்தேன், ஊசி தாங்கும் கையைப் பிரித்துப் பூட்டினேன். எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகினேன். அதையும் நீ சந்தியில் நின்று பகிடி பண்ணினாய். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

தொண்ணூறில் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றது. வீட்டு மின்சாரத்துக்கென்றே செய்த என் இயந்திரத்தின் மோட்டார் செத்துக் கிடந்தது. உன் ரேப்போ, சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தால் டைனமோவில் பாடியது. சைக்கிளோடு அதை என் வீட்டு வாசல் படலைக்கே கொண்டுவந்து பாடவிட்டாய்.

நானும் சும்மா இருக்கவில்லை. உன் ரேப்புக்குள் இருக்கிற சின்ன மோட்டார் கிடைத்தால் என் கனத்த தட்டைச் சுற்றவைக்கலாம் என்று கண்டுகொண்டேன். இயந்திரத்தின் அடிப்பலகையில் துளை போட்டு, பட்டி வெட்டி, எல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு உன்னிடம் கேட்டேன். "என்ரை ரேப்பிலை கை வைச்சியெண்டால், தங்கச்சியின்ரை புருஷனெண்டும் பாக்கமாட்டன்" என்றாய். மாதக்கணக்காகத் துளை மட்டும் காத்திருந்தது.

உன் மகளின் கலியாணத்தன்று இணுவிலிலிருந்து வரவேண்டிய மேளகாரரின் வான் புத்தூரில் நின்றுவிட்டது. பெற்றோல் கிடைக்காத காலம், மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. சைக்கிளில் வந்த ஒருவர்தான் செய்தி சொன்னார். முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம். மாப்பிள்ளையின் சித்தப்பா, பெரிய தொந்திக்காரர், பந்தல் நடுவில் எழும்பினார். "மேளமில்லாமல் தாலியோ? இதென்ன, கந்தோரிலை கையெழுத்து வைக்கிற கலியாணமோ? வேறை நாள் பாப்பம்." அந்தக் காலத்தில் தள்ளிப்போட்ட நாள் திரும்பி வரும் என்று யார் சொல்வது?

ஒரு மேளக் கசெற்றைத் தேடிப் பிடித்துப் போட்டாய். மிதித்தவர் களைக்கக் களைக்க நாதஸ்வரமும் அழுதது. கெட்டிமேளம் வரும் இடத்தைத் தேடி முன்னும் பின்னும் ஓட்டினாய். நாடா சிக்கி, குடல் மாதிரி வெளியே வந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. ரேப்பைத் தூக்கிக்கொண்டு பின்வீடான என் வீட்டுக்கே வந்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் முன்னால் வைத்தாய்.

"கழட்டு."

கழற்றினேன். உன் ரேப்பின் மோட்டார் என் துளையில் அளவாக உட்கார்ந்தது. கரியில் காய்ச்சிய கோலால் ஈயம் வைத்து, ஊசியின் வயரை உன் ரேப்பின் ஸ்பீக்கரோடு சேர்த்தேன். பந்தலுக்குத் தூக்கிப்போய், சைக்கிள் டைனமோவோடு இணைத்து, வேகத்தைக் காதால் திருத்தினேன். சித்தப்பாவிடம் போய், "ஐயா, மேளம் வேணுமெண்டால் ஏறி மிதியுங்கோ" என்றேன். சனம் சிரித்தது, மனிசன் ஏறிவிட்டார். அவர் இளைத்தார், தட்டு இளைக்கவில்லை. நீ ஆட்டுக்கல் என்று பகிடி பண்ணிய அந்தப் பாரம்தான் சுற்றைக் குலையவிடாமல் பிடித்தது.

என்னிடமிருந்த நாதஸ்வர இசைத்தட்டில், தவில் முழங்குகிற இடத்தில் கோடுகள் வேறு மாதிரி மினுங்கும். ஐயர் கையைத் தூக்கினார். ஊசியைத் தூக்கி அந்த மினுக்கத்தில் வைத்தேன். தேடவில்லை, ஓட்டவில்லை. ஒரே வைப்பு. கெட்டிமேளம் பந்தலை நிறைத்தது, மாப்பிள்ளை தாலியைக் கட்டினான். உன் மகள் தலையை நிமிர்த்தி என்னைத் தேடினாள்.

மேளகாரர் வந்து சேர, பந்தியில் பாயசம் போகிறது. நாதஸ்வரகாரர் முகம் சுளித்து, "ஆர் ஐயா வாசிச்சது? தவில் திறமாம் எண்டு சனம் கதைக்குது" என்றார். நீ என்னைக் காட்டினாய். "உவர்தான். சோத்துக்கு வாசிக்கிறவர்."

கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றாய். "நான் தோத்துப் போனனெண்டு நினையாதை. என்ரை ரேப் இல்லாட்டி உன்ரை ஆட்டுக்கல்லு சுத்தியிராது." நீ கண்ணை மூடும்வரை உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

இன்று புதுப் பட்டியைப் போட்டு, உன் மருமகனைச் சைக்கிளில் ஏற்றி மிதிக்கவிட்டேன். அவனுடைய கலியாணத்துத் தவிலை அவனே மிதித்துக் கேட்டான். சீடிக் கதை பிறகு வரவில்லை. உன் மோட்டார் உள்ளே முனகாமல் ஓடுகிறது. அதைக் கழற்றமாட்டேன், மாற்றமாட்டேன். பாதி வெற்றி உனக்கென்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதியைக் கேட்டு வராதே.