டிக்கெட் கவுண்டருக்குள் ஒரு பசிக்காரி

அன்புக் கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் கோபித்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டால் நீ சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. பேரன் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

ஃபோன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குத் திரும்பியதிலிருந்து பால் குறைந்துவிட்டது, பையன் குடித்த வாய் காய்வதற்குள் மறுபடி அழுகிறான், ஆபீஸில் பம்ப் வைத்து எடுத்தால் பாட்டிலின் அடிகூட மறையவில்லை என்றெல்லாம் நீ சொன்னாய். அதற்கு உன் அம்மா, “எனக்கெல்லாம் அப்படி இல்லம்மா, நீ குடிச்சு மிச்சம் இருக்கும்” என்றாள். நீ “சரிம்மா, வெச்சிடறேன்” என்றாய். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. பெண்கள் விஷயத்தில் அப்பன் மூக்கை நுழைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன், ஆனால் உண்மையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்போது நான் தியேட்டரில் படம் ஓட்டுகிறவன், உன் அம்மா அதே தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவள், இது உனக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை இதுதான். நீ பிறந்து மூன்றாம் மாதம் அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. உன்னைப் பார்த்துக்கொள்ள என் அக்கா, உன் அத்தை, வந்திருந்தாள். நீயோ பிறவிப் பசிக்காரி, உன் அழுகை தெருமுனை சைக்கிள் கடை வரைக்கும் கேட்கும். அத்தை டின் பாலைக் கரைத்து வயிறு முட்டக் கொடுத்துவிடுவாள். அம்மா வேலை முடிந்து ஓடி வந்து மார்பில் போட்டால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வற்றத் தொடங்கியது. அம்மா அத்தைமேல் பாய்ந்தாள், அத்தை “பச்ச புள்ள பசியில கத்துது, நான் பாத்துட்டு சும்மா இருக்கணுமா?” என்று கேட்டாள், அவள் கேட்டதும் நியாயம்தானே. நான் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த நாட்களில் உன் அம்மா துணி உலர்த்தும் கம்பியடியில் நின்று, ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அம்மாவாக இருக்கவே தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸ், கறாரான பெண்மணி, எங்கள் மூஞ்சியைப் பார்த்தே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். உன்னை எடை போட்டார், மூத்திரத் துணி நன்றாக நனைகிறதா என்று கேட்டார், நீ வாயை எப்படி வைக்கிறாய் என்று குனிந்து பார்த்து, வெறும் காம்பை மட்டும் கவ்வவிடாதே, வாயை அகலத் திறந்து நன்றாகக் கவ்வ வை என்று காட்டிக்கொடுத்தார். “குடிக்கக் குடிக்கத்தான்மா ஊறும். அது தேங்கி நின்னா, போதும்னு உடம்பு நிறுத்திக்கும்” என்றார். டின் பாலை ஒரேயடியாக நிறுத்தாதே, இங்கே பால் ஏற ஏற அதைக் குறை, வாராவாரம் எடை பார்க்க வா என்றும் சொன்னார். அடிக்கடி கொடுக்க வேண்டும் என்றால் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டுமே. அடுத்த நாளே அம்மா உன்னைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கவுண்டரை நீ பார்த்திருக்க வேண்டும். ஆள் நிற்கிற அளவு அறை, ஒரு ஸ்டூல், ஒரு குண்டு பல்பு, முன்னால் கை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. வரிசையில் நிற்பவருக்கு வளையல் கை மட்டும்தான் தெரியும், உள்ளே நீ இருப்பதே தெரியாது. இடது கையில் நீ, வலது கையில் வியாபாரம். டிக்கெட் புத்தகத்தின்மேல் இரும்புத் துண்டை வைத்து ஒற்றைக் கையால் கிழிக்கப் பழகிக்கொண்டாள். ஒருமுறை நீ விட்ட ஏப்பம் வெளியே கேட்டு, வரிசையில் நின்றவர் “என்னக்கா, சாப்பாடு பலமா?” என்று ஓட்டை வழியாகக் கேட்டாராம். ஆனால் எத்தனை நாள் மறைக்க முடியும், ஒருநாள் கணக்குப் பார்க்க வந்த மேனேஜர் பின்பக்கக் கதவைச் சடாரென்று திறந்துவிட்டார். பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டு, “இது தியேட்டரா, தொட்டில் கடையா?” என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார். வேலை போயிற்று என்றே நினைத்தோம். மறுநாள் காலையில் போனால் அந்தக் கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் அடித்திருந்தது. அவர் ஏற்பாடுதான்.

அப்படியும் பால் உடனே வந்துவிடவில்லை, வாரக்கணக்கில் ஆயிற்று. நடுவில் எத்தனையோ முறை உன் அம்மா போதும் விட்டுவிடலாம் என்றாள். பிறகு ஒரு மேட்னி ஷோ. உன்னை மடியில் தூங்கப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஹாலுக்குள் யாருடைய குழந்தையோ வீறிட்டு அழுததாம், கேட்ட மாத்திரத்தில் அவளுடைய ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. உன்னை அள்ளிக்கொண்டு இரும்புப்படி ஏறி என் கேபினுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்க, சிரிப்பும் அழுகையுமாக, “வந்துடுச்சுங்க, வந்துடுச்சு” என்றாள். நான் அவளைப் பார்ப்பதா மெஷினைப் பார்ப்பதா, ரீல் முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. திரை வெறுமையாகக் கிடக்க, ஹால் முழுக்க ஒரே விசில். என்னைத் திட்டாத வாய் இல்லை. அவ்வளவு திட்டையும் அத்தனை சந்தோஷமாக நான் வேறெப்போதும் வாங்கியதில்லை.

கண்ணு, அதற்குப் பிறகும் கூட்டம் அதிகமான மாலைக் காட்சி நேரத்தில் உன்னை வீட்டில் விட்டுவிடுவோம், அப்போது ஒரு வேளை டின் பால் உனக்கு இருந்துகொண்டுதான் இருந்தது, அத்தை கையால்தான் குடித்தாய், அதனால் நீ ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. பம்ப்பில் வருவதைப் பார்த்து உன்னை அளக்காதே, அது மெஷின், பிள்ளை வாய் வேறு. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவன் கேட்கும்போதெல்லாம் கொடு, ஆபீஸிலும் அவன் குடிக்கும் வேளைகளைத் தாண்டவிடாமல் எடு. உன் தட்டு ஆறுவதற்குள் நீ சாப்பிடு, மற்ற வேலையெல்லாம் மாப்பிள்ளை பார்ப்பார், நான் சொன்னதாகச் சொல்.

இதுவரை எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தால் உன் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள், முழுவதும் படித்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். “எல்லாம் ஞாபகம் இருக்குங்க. கஷ்டத்தச் சொன்னா புள்ள பயந்துடுவாளோன்னு மாத்திச் சொல்லிட்டேன்” என்றாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதையும் எழுதுங்கள் என்று சொன்னாள்: “அழுகை வந்தா எனக்கு ஃபோன் பண்ணி அழு. ஃபோன வெச்சுட்டுப் போய்த் தனியா அழாத.”

எடை பார்க்கும் நாளைத் தள்ளிப்போடாதே, ஏறவில்லை என்றாலோ துணி சரியாக நனையவில்லை என்றாலோ யோசிக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டு. பையன் வயிறும் உன் மனசும் நிறைந்து, நீங்கள் மூவரும் நீடு வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

உன் பசிக்கெல்லாம் சாட்சியாக இருந்த,
அப்பா